யார் வீட்டுப் பிள்ளை நீ?

பெயர், நிறம், மார்க், சாதி, குரூப்... ஒரு பிள்ளையின் ‘நான்’ எதையெல்லாம் வைத்துக் கட்டப்படுகிறது? அதில் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஊருக்கும் எவ்வளவு பங்கு?

தென் மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அடுத்த வாரம். தலைமையாசிரியர் அறை வாசலிலிருந்து வேப்பமரத்தடி வரைக்கும் வரிசை. அப்பாக்கள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பிள்ளைகள் கையில் ஒன்றுமில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் சேர்க்கைப் படிவத்தோடு டீச்சர். இந்தப் பக்கம் ஒரு மாணவி, அவளுடைய அப்பா, கூடவே சித்தப்பா.

“என்ன குரூப்?”

“பயோ-மேத்ஸ் போட்டுருங்க டீச்சர்.” அப்பாதான் சொல்கிறார்.

எழுதப்போன டீச்சர் நிமிர்ந்து, “உனக்கு என்னம்மா எடுக்கணும்னு ஆசை?” என்று மாணவியைக் கேட்கிறார். அவள் அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா தம்பியைப் பார்க்கிறார். “அவளுக்கு என்ன தெரியும் டீச்சர், சின்னப் புள்ள” என்கிறார் சித்தப்பா. வரிசையில் அடுத்த ஆள் ஃபைலோடு முன்னால் நகர்கிறார். டீச்சர் எழுதிவிடுகிறார்.

வெளியே காத்திருந்த தோழி, “என்னடி குரூப்?” என்கிறாள். “பயோ-மேத்ஸ்.” இப்போது குரலில் தயக்கமே இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் அத்தையிடம், “டாக்டருக்குப் படிக்கப் போறா” என்று அறிமுகம் நடக்கும். அடுத்த பொங்கலுக்குள் அவளே தன்னை அப்படித்தான் நினைத்துக்கொள்வாள்.

மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிற காட்சி இது. இதைப் படிப்பு சம்பந்தப்பட்ட முடிவாக மட்டும்தான் பார்க்கிறோம். அந்தப் படிவத்தில் பாடங்களோடு சேர்த்து ‘நீ இன்னார்’ என்றும் எழுதித் தருகிறோம். தான் யார் என்ற உணர்வு ஒரு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது? உள்ளே தானாக முளைக்கிறதா, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறதா? உளவியலாளர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் தேடிவரும் விடை, நம் வீட்டுக் கூடத்தில் புழங்கும் பேச்சோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

கண்ணாடிக்குள் யார்?

முதலில் வருவது பெயர். நாலரை மாதத்திலேயே குழந்தை, மற்ற சொற்களைவிடத் தன் பெயரைக் கூடுதல் கவனத்தோடு கேட்கிறது என்று 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது தன்னைக் குறிப்பது என்று அப்போது அதற்குத் தெரியாது. தெரிந்த ஓசை, அவ்வளவுதான். ஆக, ‘நான்’ என்ற உணர்வு வருவதற்கு முன்பே, அதன் மேல் மாட்ட ஒரு பெயரை நாம் தயாராக வைத்திருக்கிறோம்.

அடுத்தது கண்ணாடி. 1970-இல் கார்டன் கேலப் என்ற ஆய்வாளர், மயக்கத்தில் இருந்த சிம்பன்சிகளின் முகத்தில் சாயத்தைத் தடவி, விழித்ததும் கண்ணாடி முன் விட்டார். ஏற்கெனவே கண்ணாடி பார்த்துப் பழகியிருந்த அந்தச் சிம்பன்சிகள் கையைத் தங்கள் முகத்துக்கே கொண்டுபோயின. 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் இதையே குழந்தைகளிடம் செய்து பார்த்தார். மூக்கில் சிவப்புச் சாயம், எதிரே கண்ணாடி. சிறு குழந்தைகள் கண்ணாடிக்குள் இருப்பது வேறொரு பாப்பா என்று நினைத்துச் சிரித்தன, தட்டின, பின்னால் போய்த் தேடின. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் கை தன் மூக்கைத் தேடிப் போனது. இந்தப் பரிசோதனை பாடப்புத்தகங்களில் ஏறி, தன்னுணர்வுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் போல ஆகிவிட்டது.

ஆனால் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டியது. கென்யாவில் சோதித்த 82 குழந்தைகளில், தன் முகத்தைத் தொட்டவர்கள் இரண்டே பேர். சோதிக்கப்பட்டவர்களில் ஆறு வயதை எட்டியவர்களும் இருந்தார்கள். மற்றவர்கள் அசையாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெரியவர் ஒருவர் முகத்தில் எதையோ ஒட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது பிடிபடாமல் நின்றிருக்கலாம். நம் ஊரில் யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டி முடித்ததும் கன்னத்தில் பெரிய கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். கையைக் கொண்டுபோனால், “அழிக்காதடா!” என்று அதட்டல். இப்படி வளர்ந்த குழந்தை தன் முகத்தில் இருக்கும் பொட்டைத் தொடவில்லை என்றால் அதற்குத் தன்னைத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

தன்னை அறிவதுகூட, பெரியவர்கள் நம்மை எப்படி வளர்த்தார்கள் என்பதோடு பின்னியிருக்கிறது. முதல் ஞாபகங்களும் அப்படித்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ச்சீ வாங், அமெரிக்க மாணவர்களிடமும் சீன மாணவர்களிடமும் மிகப் பழைய நினைவைக் கேட்டார். அமெரிக்கர்களுக்குச் சராசரியாக மூன்றரை வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. சீனர்களின் முதல் நினைவு அதைவிட ஏறக்குறைய ஆறு மாதம் பிந்தியது. அமெரிக்கர்கள், தான் செய்தது, தான் அழுதது, தான் ஜெயித்தது என்று சொன்னார்கள். சீனர்களின் நினைவில் குடும்பமும் அக்கம்பக்கமும் நிறைந்திருந்தன. நமக்கு இது புதிதல்ல. தெருவில் பார்க்கும் பிள்ளையிடம் நம் பாட்டிமார் முதலில் கேட்பது “உன் பேரென்ன?” அல்ல. “யாரு வீட்டுப் புள்ள நீ?”

---

பெட்டிச் செய்தி: ‘நான்’ வளரும் பாதை

4½ மாதம்: தன் பெயரின் ஓசை பழகுகிறது.

18–24 மாதம்: கண்ணாடியில் தெரிவது தான் என்று பல குழந்தைகள் காட்டுகின்றன. வெட்கமும் கூச்சமும் தலைகாட்டும் பருவமும் இதுதான்.

3–4 வயது: பெரியவர்களாகும்போதும் மறக்காத முதல் நினைவுகள் பெரும்பாலும் இந்த வயதைச் சேர்ந்தவை.

7–8 வயது: “நான் அவனைவிட வேகமா ஓடுவேன்” என்று மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டு எடைபோடுவது வலுப்படுகிறது.

13–19 வயது: “எல்லாரும் சொல்றது சரி, ஆனா உண்மையிலேயே நான் யாரு?”

---

ஊர் வைக்கும் பெயர்

மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையையே கண்ணாடியாகக் கொண்டு நாம் நம்மைப் பார்த்துக்கொள்கிறோம் என்று 1902-இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி. அப்படியென்றால் அந்தக் கண்ணாடியில் கீறல் இருந்தால் என்ன ஆகும்?

1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்தார்கள். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒன்றே போன்ற பொம்மைகள். “எது நல்ல பொம்மை? எதோடு விளையாட ஆசை?” பெரும்பாலான கை வெள்ளைப் பொம்மையை நோக்கிப் போனது. “எது உன்னை மாதிரி இருக்கு?” என்பது கடைசிக் கேள்விகளில் ஒன்று. அப்போது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடிவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், இந்த ஆய்வுக்கும் இடம் கிடைத்தது.

‘கறுப்பி’, ‘குண்டு’, ‘மக்கு’, ‘அழுமூஞ்சி’. நம் வீடுகளில் இதெல்லாம் செல்லப் பெயர் கணக்கில் வருகிறது. “அக்கா நல்லா படிப்பா, இவ விளையாட்டுப் புள்ள” என்று விருந்தாளி முன்னால் சொல்லிச் சிரிக்கிறோம். சொன்னவர் அடுத்த நிமிடம் காபி குடிக்கப் போய்விடுவார். கேட்ட பிள்ளை அதை வருடக்கணக்கில் சுமக்கும். முகச் சிவப்பழகு க்ரீம் விற்ற பெரிய நிறுவனம் 2020-இல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று வாழ்த்துகிற வாய் நம் கல்யாண வீடுகளில் இன்னும் மாறவில்லை.

இதைவிடக் கூர்மையானது சாதி. உத்தரப்பிரதேச கிராமப் பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்ட ஒவ்வொரு புதிருக்கும் காசு. யார் என்ன சாதி என்ற பேச்சே எழாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் உயர்த்தப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் போட்டார்கள். பிறகு வேறு குழுக்களில், தொடங்குமுன் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். அதே கஷ்டமுள்ள புதிர், அதே காசு. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அறிவு குறையவில்லை. ‘நீ இன்னார்’ என்று உரக்கச் சொன்னது மட்டும்தான் நடந்தது. என்னைக் கேட்டால், இந்த ஆய்வை ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் கட்டாயம் படிக்க வைக்க வேண்டும்.

நம் மாநிலத்துக்கும் இதில் சொந்தக் கணக்கு உண்டு. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டோம். இன்று தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டு அவர் சாதியைச் சொல்லிவிட முடியாது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பெயரிலிருந்து போன சாதி, பள்ளிப் பையன்களின் மணிக்கட்டில் கலர் கயிறாகத் திரும்பி வந்தது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் கூடப் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பே இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை அதன் பரிந்துரைகள். கடைசி இரண்டும் பார்வைக்கு ரொம்பச் சின்னவை. உத்தரப்பிரதேசப் புதிர்களை மனதில் வைத்துப் பார்த்தால், அவைதான் வகுப்பறைக்குள் தினமும் வேலை செய்யக்கூடியவை.

பதினாறு வயதுப் பையன் கயிற்றை ஏன் கட்டுகிறான்? கூட்டத்தில் தனியாகத் தெரியாமல் இருக்க, தனக்குப் பின்னால் நாலு பேர் இருக்கிறார்கள் என்று காட்ட. ‘நான் யார்’ என்று தேடுகிற வயதில், தயாராக ஒரு விடையைக் கையில் கட்டிவிடுகிற ஆட்கள் தெருமுனையில் காத்திருக்கிறார்கள். அவர்கள் மட்டும்தான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள் என்றால், தவறு அவனிடம் மட்டும் இல்லை.

பெயரில்லாத அப்பாவின் மகன்

இளவயதின் இந்தத் தத்தளிப்புக்குப் பெயர் வைத்தவர் எரிக் எரிக்சன். ‘அடையாள நெருக்கடி’ என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்வது அவர் தந்த சொல்லாட்சி. அது அவருடைய சொந்தக் கதையிலிருந்து பிறந்தது.

1902-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். அம்மா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற அப்பா யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அம்மாவை மணந்த குழந்தை மருத்துவர் ஹோம்பர்கர்தான் அப்பா என்று சொல்லி வளர்த்தார்கள். உயரமாக, பொன்னிற முடியோடு இருந்த பையனை யூதக் கோயிலில் ‘வேற்று இனத்தான்’ என்று கிண்டல் செய்தார்கள். பள்ளியில் ஜெர்மன் பையன்கள் ‘யூதன்’ என்று ஒதுக்கினார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போகவில்லை. ஓவியப் பலகையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் ஐரோப்பாவில் அலைந்தார். நம் ஊராக இருந்தால், “பையன் உருப்படமாட்டான்” என்று அப்போதே தீர்ப்பு எழுதியிருப்போம்.

25 வயதில், நண்பர் அழைத்ததால் வியன்னாவுக்குப் போய்ச் சிறு பள்ளி ஒன்றில் வாத்தியாரானார். அங்கே அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார். 1933-இல் அமெரிக்கா. 1939-இல் குடியுரிமை வாங்கும்போது தனக்குத்தானே வைத்துக்கொண்ட குடும்பப் பெயர்தான் எரிக்சன். ‘எரிக்கின் மகன்’ என்று பொருள். அப்பா பெயர் தெரியாதவர், தன் பெயரையே தகப்பன் பெயராக்கிக்கொண்டார். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமல் ஹார்வர்டில் பேராசிரியரும் ஆனார்.

பதின்பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் ‘அவகாசம்’ தேவை என்றார் எரிக்சன். இதைச் செய்து பார்க்கலாம், அதை விட்டுவிடலாம், தப்பு நடந்தாலும் திரும்பி வரலாம் என்று சமூகம் அனுமதிக்கிற இடைவெளி அது. அந்த அவகாசத்தில் அலைந்து திரும்பியவர்தான் அவர். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, 1918-ஆம் வருட அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்துக் காந்தியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1970-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. லண்டனில் சட்டம் படித்தும் பம்பாய் நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாமல் தடுமாறிய இளைஞர், தென்னாப்பிரிக்காவில் வேறு ஆளாக மாறியது அவரை ஈர்த்ததில் ஆச்சரியமில்லை.

எரிக்சனைப் படிக்கும்போதெல்லாம் மதுரையைச் சேர்ந்த இன்னொரு பையனின் ஞாபகம் வரும். 1896 ஜூலை. சித்தப்பா வீட்டில் தங்கி மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்கு வயது 16. நோய் எதுவும் இல்லாத உடம்பில் திடீரென்று மரண பயம். தரையில் பிணம்போலப் படுத்து, செத்துப்போவது எது என்று தனக்குள்ளேயே பார்த்தான். அதன் பிறகு படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஆகஸ்ட் 29 அன்று, தண்டனையாகக் கொடுத்த ஆங்கில இலக்கணப் பாடத்தைப் பாதியில் வைத்துவிட்டு, அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினான். விட்டுப்போன கடிதம் ‘நான்’ என்று தொடங்கி, நடுவில் ‘இது’ என்று மாறி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோட்டோடு நிற்கிறது. உலகம் பின்னாளில் ரமணர் என்று அறிந்தவர் அவர். அவர் கண்ட விடை ஆன்மிகத்தைச் சேர்ந்தது. அதை உளவியலுக்குள் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்து மோதிய வயதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அதே வயதில்தான் நாம் பிள்ளைகளிடம் “குரூப் என்ன?” என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

---

பெட்டிச் செய்தி: உங்கள் பிள்ளை எந்த நிலையில்?

எரிக்சனின் கருத்தை விரித்து, 1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் நான்கு நிலைகளைச் சொன்னார்.

சிதறல்: தேடலும் இல்லை, பிடிப்பும் இல்லை. “எதுன்னாலும் ஓகே.”

முன்கூட்டியே பூட்டியது: தேடாமலே முடிவு. “அப்பா சொன்னாரு, அதான்.”

தேடல்: முடிவு எடுக்காமல் மும்முரமாகத் தேடுவது. “தெரியலை, பார்த்துட்டிருக்கேன்.”

அடைந்தது: தேடிப் பார்த்துத் தானே எடுத்த முடிவு.

ஒரே பிள்ளை படிப்பில் ஒரு நிலையிலும், மதம், நட்பு, அரசியலில் வேறு நிலையிலும் இருக்கலாம். முன்னும் பின்னும் நகரலாம்.

---

பூட்டிய பிறகு

மார்சியாவின் இரண்டாவது நிலைதான் நம் வீடுகளில் ‘நல்ல பிள்ளை’. எதிர்த்துப் பேசாது, குழப்பமில்லாமல் படிக்கும். மூன்றாவது நிலையில் இருக்கும் பிள்ளையைத்தான் ஜோசியரிடம் கூட்டிப்போகிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

அப்பா கொடுத்த விடையை அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கு, அந்த விடை வேலை செய்கிற வரைக்கும் பிரச்னை இல்லை. நீட்டில் சீட் கிடைக்காதபோது, முதல் செமஸ்டரில் நாலு அரியர் விழும்போது, கேம்பஸில் பெயர் வராதபோதுதான் தெரிகிறது, அந்தப் பிள்ளைக்குக் கைவசம் வேறு ‘நான்’ இல்லை என்பது. “டாக்டர் ஆகலைன்னா நான் யாரு?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிற 18 வயதுக்கு, தோற்றது ஒரு பரீட்சையில் மட்டுமில்லை, தன் மொத்த இருப்பும் தோற்றுவிட்டது போல இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. மன அழுத்தம், வறுமை, சாதி, காதல், வீட்டுச் சண்டை என்று பலவும் அதில் உண்டு. ஆனால் ஒரே அடையாளத்தின் மேல் மொத்த வாழ்க்கையையும் தூக்கி வைத்த பிள்ளை, அது சரியும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நிற்கிறது என்பது மறுக்க முடியாதது.

பூட்டு உடையாமல் ஓடிக்கொண்டே இருக்கிற கதைகளும் உண்டு. இன்ஜினீயரிங் முடித்து ஐ.டி. கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்து, டீம் லீடர் ஆகி, வீட்டு லோனும் கட்டி, 34 வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ‘இதையெல்லாம் நான்தான் கேட்டேனா?’ என்று உட்கார்ந்திருப்பவர் உங்கள் அப்பார்ட்மென்ட்டிலேயே இருப்பார். அவர் வேலையை விட்டு இயற்கை விவசாயம் பார்க்கப் போனால் ஊர் சிரிக்கிறது. பதினாறில் கிடைக்காத அவகாசத்தை முப்பத்து நாலில் எடுத்துக்கொள்கிறார். அப்போது அதன் விலையில் மனைவிக்கும் பிள்ளைக்கும் பங்கு விழுகிறது.

“அப்போ பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுடணுமா?” என்று ஒரு பெற்றோர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில், தேடிப் பார்க்கிற சொகுசுக்குப் பணம் இல்லை. தப்பான ஒரு வருடம் என்பது அடகுக் கடைக்குப் போகும் ஒரு நகை. அதனால்தான் இதைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்குப்பதிவியலும் வேளாண்மையும் என்ன என்று காட்டுகிற பள்ளி வேண்டும். குரூப் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, “ஒத்து வரலை சார்” என்று சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கிற தலைமையாசிரியர் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவகாசத்தை அரசும் பள்ளியும்தான் வாங்கித் தர முடியும்.

---

பெட்டிச் செய்தி: பேச ஒரு ஆள் வேண்டுமா?

மனம் பாரமாக இருந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், தயங்காமல் கூப்பிடுங்கள். தமிழ்நாடு அரசின் உதவி எண் 104. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

---

ஒரு போன், இரண்டு அக்கவுன்ட்

செல்போனைத் திட்டாமல் இந்தப் பேச்சு முடியாது என்று எதிர்பார்ப்பீர்கள். கொஞ்சம் நிதானிக்கலாம். தன்னை எல்லோரும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பதின்வயதினர் நினைப்பதைக் ‘கற்பனைப் பார்வையாளர் கூட்டம்’ என்று டேவிட் எல்கைண்ட் எழுதியது 1967-இல். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று ஸ்கூலுக்குப் போக மறுத்த பிள்ளைகள் அப்போதும் இருந்தார்கள். இன்று வித்தியாசம், அந்தக் கூட்டம் கற்பனை இல்லை என்பதுதான். 214 லைக், 3 கமென்ட் என்று எண்ணிக்கையோடு வந்து நிற்கிறது.

பல பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் இரண்டு அக்கவுன்ட் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சித்தி, மாமா, டியூஷன் சார் எல்லோரும் இருப்பார்கள். அதில் பட்டுப் பாவாடை, கோயில், பிறந்தநாள் கேக். இன்னொன்று நாலைந்து தோழிகளுக்கு மட்டும். அதில் அழுத முகம், கிறுக்கிய கவிதை, வெட்டிக்கொண்ட முடி. இரண்டாவதைக் கண்டுபிடித்துவிட்டால் வீட்டில் பூகம்பம். அந்த ரகசிய அக்கவுன்ட்டில் நடப்பதில் பெரும்பகுதி, எரிக்சன் சொன்ன அதே ஒத்திகைதான். ஆபத்தான ஆட்கள் உள்ளே வராமல் பார்க்க வேண்டியது பெரியவர்களின் கடமை. அதற்காக ஒத்திகையையே தடை செய்தால் பிள்ளை மூன்றாவது அக்கவுன்ட் திறக்கும்.

தாத்தா கடனாளியான கதை

பெற்றோரால் செலவே இல்லாமல் செய்ய முடிகிற ஒரு காரியம் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவஷும், 2001 வாக்கில் குழந்தைகளுக்காக 20 கேள்விகளை வகுத்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், உனக்கு ஏன் இந்தப் பெயர், உன் குடும்பத்தில் நடந்த பெரிய கஷ்டம் ஏதாவது தெரியுமா என்பது போன்ற கேள்விகள். நிறையத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிகமாக இருந்தன. அந்த ஆய்வு நடந்த அதே வருடம் செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்டன. திரும்பப் போய்ப் பார்த்தபோது, குடும்பக் கதை தெரிந்த பிள்ளைகள் அதிர்ச்சியைக் கூடுதலாகத் தாங்கியிருந்தார்கள்.

அந்தத் தகவல்களை மனப்பாடம் செய்வதால் இது நடப்பதில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில், பயணத்தில், பாட்டியோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கதை கேட்கிற அந்தப் பழக்கம்தான் விஷயம். எல்லாக் கதையும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. ‘நாம் எப்போதும் மேலே மேலேதான் போனோம்’ என்ற கதையைவிட, ‘விழுந்தோம், எழுந்தோம், மறுபடியும் விழுந்தோம், சேர்ந்தே இருந்தோம்’ என்ற கதைதான் பிள்ளைக்கு அதிக வலுத் தருகிறது.

நம் வீடுகளில் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜெயித்த கதையை மட்டும்தான் எடுத்து வைக்கிறோம். “உங்க அப்பா லாந்தர் வெளிச்சத்துல படிச்சு ஸ்கூல் ஃபர்ஸ்ட்” என்கிறோம். தாத்தா பருத்தி வியாபாரத்தில் நொடித்துப் போய் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்ததையும், அத்தை ப்ளஸ் டூவில் பெயிலாகி, ஒரு வருடம் வீட்டில் கிடந்து, அப்புறம் தையல் கடை போட்டு நாலு பேருக்கு வேலை கொடுத்ததையும் மறைத்துவிடுகிறோம். தோற்றவர்களும் நம் வீட்டு மனிதர்கள்தான், அவர்களும் வாழ்ந்தார்கள் என்று தெரிந்த பிள்ளைக்குத் தன் மார்க் ஷீட்டைப் பார்க்கும் தைரியம் வேறாக இருக்கும்.

புதுக்கோட்டையில் நடந்தது

பதினெட்டு வயதோடு இது முடிந்துவிடுவதில்லை. பிறந்த வீட்டில் ‘இன்னார் மகள்’, புகுந்த வீட்டில் ‘இன்னார் பொண்டாட்டி’, பிறகு ‘ரமேஷ் அம்மா’ என்றே அறியப்பட்ட பெண்கள், ரேஷன் கார்டில் தவிர வேறெங்கும் தங்கள் பெயர் புழங்காமலே வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்போது அவகாசம் கிடைத்தது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அது கிடைத்தது. அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவோடு, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸுகள், டீச்சர்கள் என்று வயது வித்தியாசமில்லாமல் சைக்கிள் ஏறினார்கள். சாலையோரம் நின்ற ஆண்கள் கேலி பேசினார்கள், கூசும்படியான வார்த்தைகளைச் சொன்னார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாகப் போனார்கள். சைக்கிள் பழகிய பெண்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. இதைப் பற்றி விரிவாக எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா.

அதுவரை பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாளைத் தொலைத்தவர்கள், விளைந்ததை விற்கக் கூடுதலாக இரண்டு ஊருக்குப் போய்வந்தார்கள். தண்ணீர் குடத்தைக் கேரியரில் கட்டினார்கள். அப்பனோ, அண்ணனோ, புருஷனோ வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் போனது. பொருளாதார லாபத்தைவிடத் தன்மேல் வந்த நம்பிக்கையைத்தான் அந்தப் பெண்கள் பெரிதாகச் சொன்னார்கள். புதிதாக ஓட்டப் பழகியவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்து, காசு வாங்காமல் அடுத்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களாகவும் ஆனார்கள்.